மூலமும் படியும்: இரு சர்வர்களில் ஓர் இணையதளம்

முன்னுரை

சுவடியிலிருந்து சுவடிக்கு நூல்களைப் படியெடுத்துக் காத்த மரபு தமிழருடையது. படிகள் பெருகப் பெருகப் பாட வேறுபாடுகளும் பெருகின என்பதைப் பதிப்பு வரலாறு பயின்றோர் அறிவர். மூலப்படி எது, அதன்வழி வந்த படி எது, இரண்டும் முரண்படும் இடத்தில் எதனைக் கொள்வது என்பன சுவடிப் பதிப்பின் அடிப்படை வினாக்கள். இவ்வினாக்கள் ஓலையோடு ஒழிந்தன என நாம் எண்ணியிருந்தோம். நம் துறையின் இணையதளத்தை ஒரு சர்வரிலிருந்து மற்றொரு சர்வருக்கு மாற்றிய நாளில், அவை மீண்டும் நம்முன் வந்து நின்றன.

நம் துறை மாணவர் சில ஆண்டுகளாகக் கடற்கரை ஊர்களின் வழக்குச் சொற்களைத் திரட்டி வருகின்றனர். தமையனைக் 'காக்கா' என்றும் தமக்கையை 'ராத்தா' என்றும் விளிக்கும் வீடுகளுக்குச் சென்று, முதியோரிடம் கேட்டு, சொல்லையும் பொருளையும் வழங்கும் ஊரையும் குறித்துவந்து, இணையதளத்தில் பதிவு செய்தல் அவர்தம் பணி. சில சொற்களுக்குப் படமும் ஒலிப்பதிவும் உண்டு. இத்தளம் தங்கியிருந்த சர்வரின் வாடகைக் காலம் முடிய இருந்ததால், வேறொரு சர்வருக்கு அதனை மாற்றினோம். பணியை ஏற்றவர், "எல்லாம் படியெடுத்தாயிற்று" என்றார். புதிய தளம் திறந்தது, சொற்கள் தெரிந்தன, நாமும் நிம்மதியடைந்தோம்.

மூன்றாம் நாள் மாணவி ஒருவர் துறைக்கு வந்து, "நான் எழுதிய சொற்களைக் காணவில்லை ஐயா" என்றார். தம் தெருவில் வாழும் மூதாட்டி ஒருவரிடம் கேட்டு எழுதியவை அவை. தேடிப் பார்த்தபோது, அவை பழைய சர்வரில் இருந்தன. மாற்றிய நாளிலும் அதன் மறுநாளிலும் மாணவர் சிலருடைய கணிப்பொறிகள் பழைய சர்வருக்கும், வேறு சிலருடையவை புதிய சர்வருக்கும் சென்றிருக்கின்றன. இரண்டு சர்வர்களும் ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில், தத்தமக்கு வந்த பதிவுகளை ஏற்றுக்கொண்டன. ஒரே வரிசை எண்ணின்கீழ்ப் பழையதில் ஒரு சொல்லும் புதியதில் வேறொரு சொல்லும் அமர்ந்திருந்தன. பழைய சர்வர் அழிக்கப்பட நான்கு நாள்களே எஞ்சியிருந்தன.

இவ்வாறு ஏன் நேர்ந்தது, நேராமற் காக்கும் வழி யாது என்பவற்றை அதன் பின்னரே நாம் முயன்று கற்றோம். கல்லூரி, நூலகம், அறக்கட்டளை எனப் பல நிறுவனங்களும் தம் ஆவணங்களை இணையதளங்களில் வைத்துவரும் இந்நாளில், அவற்றுக்குப் பொறுப்பேற்போர் யாவரும் இதனை அறிந்திருத்தல் நலம். அந்நோக்கில் அமைந்தது இக்கட்டுரை.

இணையதளத்தின் இரு கூறுகள்

பார்ப்பவர்க்கு இணையதளம் ஒன்றாகத் தோன்றினும், அது இருவேறு கூறுகளால் ஆனது. ஒன்று கோப்புகள், அதாவது, தளத்தை இயக்கும் நிரல்கள், படங்கள், ஒலிப்பதிவுகள் முதலியன. மற்றொன்று தரவுத்தளம். நாள்தோறும் எழுதப்படும் சொற்கள், பொருள்கள், பயனர் பெயர்கள் ஆகியன அட்டவணை வடிவில் இதனுள் அமைகின்றன. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் முதலியன இத்தகைய தரவுத்தளங்களை ஆளும் மென்பொருள்கள்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று சுட்டி நிற்பவை. ஒரு சொல்லின் ஒலிப்பதிவு கோப்பாக ஓரிடத்தில் இருக்கும். அக்கோப்பின் பெயர் தரவுத்தளத்தில் இருக்கும். ஆகவே, ஒரு கூற்றை மட்டும் படியெடுத்தால் தளம் குறையுடையதாகும். இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் படியெடுத்தாலும் குறை நேரும். கோப்புகளை முதலிலும் தரவுத்தளத்தைப் பின்னரும் எடுத்தால், இடைப்பட்ட நேரத்தில் சேர்ந்த பதிவுகள் படியில் இருக்கும். அவற்றுக்குரிய ஒலிப்பதிவுகள் இரா. தரவுத்தளத்தை முதலில் எடுத்தால், சுட்டுவாரற்ற சில கோப்புகள் மிகுதியாக இருக்கும், அவற்றால் தீங்கில்லை. ஆகவே, புதியன சேர்ந்துகொண்டேயிருக்கும் தளத்தில் தரவுத்தளத்தை முன்னும் கோப்புகளைப் பின்னும் எடுப்பதே பாதுகாப்பான முறை. பழையன நீக்கப்படும் தளமாயின், படியெடுத்து முடியும்வரை நீக்கத்தை நிறுத்திவைத்தல் வேண்டும்.

கோப்புகளை ஒத்திசைத்தல்

கோப்புகளை இரு கணிப்பொறிகளுக்கிடையே ஒத்திசைக்க உலகெங்கும் பயன்படும் கருவி 'ஆர்சிங்க்' என்பது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெரஸ் ஆகிய இருவர் 1996-இல் இதனை உருவாக்கினர்.

ஒரு பெரிய கோப்பில் ஓரிரு வரிகள் மட்டுமே மாறியிருந்தால் அதனை முழுமையாக அனுப்புவது வீண். எந்த வரி மாறியது என்பதை அறிய இரு கோப்புகளையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். அவையோ வெவ்வேறு ஊர்களில் உள்ளன. இச்சிக்கலுக்கு அவ்விருவரும் கண்ட தீர்வு நயமானது. பெறும் கணிப்பொறி தன்னிடமுள்ள பழைய கோப்பைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் 'சோதனைத் தொகை' எனப்படும் சுருக்க எண்களைக் கணித்து, அவ்வெண்களை மட்டும் அனுப்பும். அனுப்பும் கணிப்பொறி அவற்றைக் கொண்டு, தன் புதிய கோப்பில் அதே துண்டுகள் எங்கெங்கே உள்ளன எனத் தேடும். பொருந்தும் துண்டுகளுக்கு 'உன்னிடம் உள்ளதையே கொள்க' என்னும் குறிப்பு செல்லும். பொருந்தாத பகுதி மட்டும் முழுமையாகச் செல்லும்.

இத்துணைப் பயனுடைய கருவி நமக்குத் தீங்கும் செய்தது. ஆர்சிங்க் ஒரு திசையில் மட்டுமே செல்வது. எது மூலம், எது படி என்பதை ஏவுவோரே கூற வேண்டும். அது தானாக அறியாது. மூலத்தில் இல்லாத கோப்புகள் படியில் இருந்தால் அவற்றை நீக்குமாறு பணிக்கும் விருப்பக் கட்டளையும் அதற்கு உண்டு. நம் தளத்தை மாற்றியவர், புதிய தளம் திறந்த மறுநாள், 'எதுவும் விடுபட்டிருக்கலாகாது' என்னும் நல்லெண்ணத்தோடு பழையதிலிருந்து புதியதற்கு அக்கட்டளையை நீக்கத்தோடு மீண்டும் ஏவினார். அவர் கருத்தில் பழையதே அப்போதும் மூலம். ஆனால், புதிய தளத்தில் மாணவர் அதற்குள் சில ஒலிப்பதிவுகளை ஏற்றியிருந்தனர். மூலத்தில் இல்லாதவை என்பதால் அவை நீக்கப்பட்டன. கருவி தவறவில்லை, சொன்னதைச் செய்தது. என்ன நிகழும் என்பதைச் செய்யாமலே காட்டும் ஒத்திகைக் கட்டளையும் ஆர்சிங்கில் உண்டு என்பதை நாம் பிறகே அறிந்தோம்.

தரவுத்தளத்தை ஒத்திசைத்தல்

கோப்புகளைப் போலவே தரவுத்தளத்தையும் ஆர்சிங்கால் படியெடுத்துவிடலாமே என்னும் ஐயம் எழலாம். இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் அது கூடாது. தரவுத்தளத்தின் ஒரு பகுதி எப்போதும் நினைவகத்திலும் ஒரு பகுதி வட்டிலும் இருக்கும். ஒரு முனையைப் படிக்கும்போதே மறுமுனை மாறிக்கொண்டிருக்கும். அவ்வாறு எடுத்த படி, எழுதும் கையிலிருந்து பாதியில் பறித்த ஏட்டைப் போன்றது.

முறையான வழிகள் இரண்டு. முதலாவது, குறித்த ஒரு கணத்தில் தரவுத்தளம் இருந்த நிலையை முரணின்றி ஒரே கோப்பாக வடித்தெடுத்து, மறு சர்வரில் ஏற்றுதல். இதற்குரிய கருவிகள் தரவுத்தள மென்பொருள்களோடு வருகின்றன. தளத்தை மாற்றும் ஒரு முறைப் பணிக்கு இது போதும்.

இரண்டாவது, இரு சர்வர்களும் என்றும் ஒத்திருக்க வேண்டிய இடத்தில் கையாளும் வழி. தன்னிடம் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் மூலத் தரவுத்தளம் ஒரு பதிவேட்டில் வரிசைப்படி குறித்து வைக்கும். படித் தரவுத்தளம் அப்பதிவேட்டை இடையறாது பெற்று, அதே வரிசையில் அதே மாற்றங்களைத் தன்னிடமும் செய்துகொள்ளும். மைஎஸ்கியூஎல்லில் இவ்வசதி 2000-ஆம் ஆண்டு முதல் உள்ளது. போஸ்ட்கிரெஸ் 2010-இல் வெளிவந்த 9.0 பதிப்பில் இடையறாத் தொடர்பு வழியே இதனைச் செய்யலாயிற்று.

பதிவேட்டில் எதனைக் குறிப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'இவ்வாறு செய்க' என்னும் கட்டளையைக் குறிக்கலாம். அல்லது, 'இவ்வரிசை இவ்வாறு மாறியது' என்னும் விளைவைக் குறிக்கலாம். கட்டளையைக் குறித்தால் பதிவேடு சிறிதாகும். ஆனால், 'ஏதேனும் ஓர் எண்ணைத் தேர்ந்து இடுக' என்னும் கட்டளை மூலத்தில் ஓர் எண்ணையும் படியில் வேறோர் எண்ணையும் தரும். இரண்டும் ஓசையின்றி வேறுபடும். இதனால், விளைவைக் குறிக்கும் முறையே 2015-இல் வெளியான மைஎஸ்கியூஎல் 5.7 பதிப்பில் இயல்பு முறையாக்கப்பட்டது.

கலைச்சொல் பற்றி ஒன்று கூறலாம். ஆங்கில நூல்கள் நெடுங்காலம் இவ்விரண்டையும் 'எசமானன்', 'அடிமை' எனப் பொருள்படும் சொற்களால் குறித்தன. 2020-இல் மைஎஸ்கியூஎல் அமைப்பினர் அவற்றை விடுத்து, 'மூலம்', 'படி' எனப் பொருள்படும் சொற்களை ஏற்றனர். சுவடிப் பதிப்புத் துறையில் நாம் வழங்கிவரும் சொற்களே இங்கும் பொருந்துவது மகிழ்ச்சிக்குரியது.

தமிழுக்கே உரிய இரு இடர்கள்

தமிழ்த் தரவுகளைப் படியெடுப்போர் கருத வேண்டிய இரு செய்திகள் உள. முதலாவது, குறியீட்டு முறை. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். பழைய சர்வர் யூடிஎஃப்-8 முறையிலும், புதிய சர்வர் ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டுமே உரிய பழைய முறையிலும் பேசினால், தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறும். அவ்வாறு மாறிச் சேமிக்கப்பட்ட பின் மீட்க இயலாது. பதிவுகளின் எண்ணிக்கை மட்டும் சரியாகவே இருக்கும்.

இரண்டாவது நுட்பமானது. 'கொ' என்னும் எழுத்தைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றை இட்டும் எழுதலாம். ககரத்தோடு எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணிப்பொறிக்கு வேறு வேறு. இரு சர்வர்களிலுள்ள பதிவுகளை நாம் ஒப்பிட்டபோது, ஒரே சொல் இருவேறு சொற்களாகக் காட்டப்பட்டதற்கு இதுவே காரணம். ஒப்பிடும் முன் இவற்றை ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும். அதற்கான நெறியை யூனிகோடு தரமே வகுத்துள்ளது.

விரைவும் உறுதியும்

மூலத்தில் எழுதிய பதிவு படியைச் சென்றடையச் சிறிது நேரமாகும். அதுவரை மூலம் காத்திருக்க வேண்டுமா என்பது அடுத்த வினா. காத்திராமல், எழுதியவரிடம் 'பதிந்தது' என உடனே கூறிவிடுவது ஒரு முறை. இதில் விரைவு உண்டு. ஆனால், அக்கணத்தில் மூலம் பழுதானால் கடைசிச் சில பதிவுகள் படியைச் சேராமலே மறையும். படியும் பெற்றுக்கொண்டது என்னும் ஒப்புதல் வந்த பின்னரே 'பதிந்தது' எனக் கூறுவது மற்றொரு முறை. இதில் உறுதி உண்டு, விரைவு குறையும்.

விரைவு எவ்வளவு குறையும் என்பதை இயற்கையே வரையறுத்துள்ளது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். இரு சர்வர்களுக்கிடையே 1,000 கிலோமீட்டர் இழை இருப்பின், செய்தி போய் ஒப்புதல் திரும்ப 10 மில்லிவிநாடி ஆகும். ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து எழுதும் பதிவுகள் விநாடிக்கு நூறைத் தாண்டா. எத்துணைச் செலவு செய்தாலும் இவ்வெல்லையை மீற இயலாது.

இரு மூலங்கள் தோன்றினால்

இதுகாறும் கூறியவற்றில் மூலம் ஒன்றே. படியில் எவரும் எழுதுவதில்லை. படிக்க மட்டுமே செய்வர். இரண்டிலும் எழுத நேர்ந்தால் சிக்கல் தொடங்குகிறது. நம் தளத்தில் நேர்ந்தது இதுவே. கணிப்பொறித் துறையினர் இந்நிலையைப் 'பிளவுண்ட மூளை' என்கின்றனர்.

பதிவுகளுக்குத் தரவுத்தளம் தானே வரிசை எண் இடும். படியெடுத்த கணத்தில் இறுதி எண் 411 எனக் கொள்வோம். அடுத்து வரும் சொல்லுக்குப் பழைய சர்வரும் 412 என இடும். புதிய சர்வரும் 412 என இடும். இரண்டையும் பின்னர் ஒன்றாக்கினால் ஒன்று மற்றொன்றை அழிக்கும். இரண்டிலும் எழுதியே ஆக வேண்டும் என்னும் இடங்களில், ஒரு சர்வர் ஒற்றைப்படை எண்களையும் மற்றது இரட்டைப்படை எண்களையும் மட்டுமே இடுமாறு அமைப்பர். இதனால் எண் மோதல் தீரும். பொருள் மோதல் தீராது. 'காக்கா' என்னும் பதிவின் பொருளை ஒரு மாணவர் பழையதிலும், மற்றொரு மாணவர் புதியதிலும் திருத்தியிருந்தனர். எவர் திருத்தத்தைக் கொள்வது?

'பிந்தியதைக் கொள்க' எனலாம். ஆனால், பிந்தியது எது? நம் பழைய சர்வர் உலகப் பொது நேரத்தையும் புதிய சர்வர் இந்திய நேரத்தையும் குறித்திருந்தன. இரண்டுக்கும் இடையே ஐந்தரை மணி நேர வேறுபாடு. அதனைச் சரிசெய்த பின்னும் இரு கடிகாரங்களும் முழுமையாக ஒத்திருக்கவில்லை. வெவ்வேறு கணிப்பொறிகளின் கடிகாரங்களை மட்டும் நம்பி எது முன், எது பின் என உறுதி செய்ய இயலாது என்பதை, லெஸ்லி லாம்போர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1978-இல் வெளியிட்ட ஆய்வுரை தெளிவாக்கியது.

43 விநாடிகள்

எளியோராகிய நமக்கு நேர்ந்தது வலியோர்க்கும் நேர்ந்துள்ளது. உலகெங்குமுள்ள நிரலாளர் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் என்னும் தளத்தில் 2018 அக்டோபர் 21-ஆம் நாள் நிகழ்ந்ததை அந்நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டுள்ளது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அதன் மூலத் தரவுத்தளங்களும், மேற்குக் கரையில் படிகளும் இருந்தன. வழக்கமான பராமரிப்பின்போது கிழக்குக் கரையில் ஓர் இணைப்பு அறுந்தது. 43 விநாடிகளில் சரிசெய்யப்பட்டது.

அந்த 43 விநாடிகளுக்குள், மூலம் மறைந்துவிட்டது எனக் கருதிய தானியங்கி மென்பொருள், மேற்குக் கரையிலிருந்த படிகளை மூலமாக உயர்த்தியது. கிழக்கே எழுதப்பட்ட சில விநாடிப் பதிவுகள் அதற்குள் மேற்கைச் சேர்ந்திருக்கவில்லை. இணைப்பு மீண்ட பிறகு புதிய பதிவுகள் மேற்கே எழுதப்பட்டன. கிழக்கில் இல்லாதவை மேற்கிலும், மேற்கில் இல்லாதவை கிழக்கிலும் இருந்தன. மிகுதியாக இயங்கிய ஒரு தரவுத்தளத் தொகுதியில் மட்டும், மேற்கைச் சேராமற் கிழக்கிலேயே தங்கிவிட்ட பதிவுகள் 954.

தளத்தை விரைவில் மீட்பதா, பயனர் தரவைக் காப்பதா என்னும் நிலையில், அந்நிறுவனத்தார் தரவைக் காப்பதையே தேர்ந்தனர். காப்பு நகல்களிலிருந்து கிழக்கைச் சீரமைத்து, மேற்கின் பதிவுகளையும் சேர்த்து, தளம் முழுநிலைக்கு மீள 24 மணி 11 நிமிடங்கள் ஆயின.

இது ஒருவர் பிழையன்று; இயல்பிலேயே உள்ள இடர்ப்பாடு. இரு இடங்களுக்கு இடையேயான தொடர்பு அறுந்தால், இரண்டும் ஒத்திருத்தல் அல்லது இரண்டும் இயங்கிக்கொண்டிருத்தல் என்னும் இவற்றுள் ஒன்றையே பெறலாம் என்னும் கருத்தை எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்தார். சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் 2002-இல் அதனைக் கணித முறையில் நிறுவினர். இரண்டே சர்வர்கள் இருப்பின், மற்றது இறந்ததா, தொடர்புதான் அறுந்ததா என எதுவும் அறிய முடியாது. எனவே மூன்றாவதாக ஒரு சாட்சிக் கணிப்பொறியை வைத்து, மூன்றில் இரண்டு உடன்பட்டாலன்றி மூலத்தை மாற்றுவதில்லை என விதி செய்வர். அவ்விதியும் எல்லா இழப்பையும் தடுக்காது என்பதற்கு மேற்கண்ட நிகழ்ச்சியே சான்று. அங்கும் பெரும்பான்மை முறையே இருந்தது. பெரும்பான்மை கூடிய பிறகுதான் மேற்கு மூலமானது.

இணைப்படி வேறு, காப்பு நகல் வேறு

இரண்டு சர்வர்களில் தளம் இருப்பதால் காப்பு நகல் வேண்டியதில்லை எனக் கருதுவோர் உளர். இது பெரும்பிழை. இணைப்படி மூலத்தின் ஒவ்வொரு செயலையும் பின்பற்றும். மூலத்தில் ஒன்றைத் தவறி அழித்தால், அடுத்த கணமே தானும் அழிக்கும். வட்டுப் பழுதிலிருந்து அது காக்கும்; மனிதத் தவற்றிலிருந்து காவாது. காப்பு நகல் நேற்றிருந்த நிலையில் அசையாது நிற்பது.

கிட்லேப் என்னும் தளத்தில் 2017 சனவரி 31-ஆம் நாள் நிகழ்ந்தது இதற்குச் சான்று. பின்தங்கிவிட்ட படியை மூலத்தோடு மீண்டும் ஒத்திசைக்க முயன்ற பொறியாளர், படியிலுள்ள தரவுகளை நீக்கிவிட்டுத் தொடங்க எண்ணினார். நள்ளிரவை ஒட்டிய நேரம். நீக்கும் கட்டளையைப் படியில் இடுவதற்கு மாறாக மூலத்தில் இட்டுவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் எஞ்சியது 4.5 ஜிகாபைட்டு. நாள்தோறும் எடுக்கப்பட்டதாகக் கருதிய காப்பு நகல்களைத் தேடினால், அவை இல்லை. நகலெடுக்கும் மென்பொருளின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமையால், அப்பணி பல நாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்த ஒரு நகல் இருந்தமையால் தளம் பிழைத்தது. அவ்வாறு மணி நேரப் பதிவுகள் மட்டும் மறைந்தன. நிரல்கள் தரவுத்தளத்திற்குப் புறத்தே கோப்புகளாக இருந்ததால் அவை தப்பின. நிகழ்ந்ததை மறைக்காமல் அந்நிறுவனத்தார் உலகறியச் செய்தது பாராட்டுக்குரியது.

மீட்டுப் பார்க்காத காப்பு நகலைக் காப்பு நகலாகக் கருதுதல் ஆகாது என்பது இதனால் பெறப்படும்.

மாற்றும்போது செய்யத் தக்கவை

நம் தளத்தில் இரு மூலங்கள் தோன்றியதற்குக் காரணம் பெயர் முகவரி முறை. இணையதளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைக் கணிப்பொறிகள் ஒருமுறை கேட்டறிந்து, குறித்த காலம்வரை நினைவில் வைத்துக்கொள்ளும். அக்காலம் ஒரு நாள் என அமைந்திருந்தால், முகவரியை மாற்றிய பின்னும் ஒரு நாள்வரை சிலர் பழைய இடத்திற்கே செல்வர். இதனை உளங்கொண்டு, தளம் மாற்றுவோர் கீழ்வரும் முறையைக் கைக்கொள்ளலாம்.

1. மாற்றுவதற்கு இரண்டொரு நாள் முன்பே அந்நினைவுக் காலத்தை ஐந்து நிமிடம் போன்ற சிறு அளவாகக் குறைத்துவிடுக.

2. குறித்த நேரத்தில் பழைய தளத்தில் எழுதுதலை நிறுத்துக. படிக்க மட்டும் இசைவு தருக. அனைத்திலும் தலையாயது இதுவே.

3. தரவுத்தளத்தை வடித்தெடுத்துப் புதியதில் ஏற்றுக. பின்னர்க் கோப்புகளை ஒத்திசைக்க. நீக்கக் கட்டளை வேண்டுமாயின், ஒத்திகை பார்த்த பின்னரே இடுக.

4. அட்டவணைதோறும் பதிவுகளின் எண்ணிக்கையை ஒப்பிடுக. அதனோடு அமையாது, சில தமிழ்ப் பதிவுகளைத் திறந்து கண்ணாற் படித்துப் பார்க்க.

5. பின்னரே முகவரியை மாற்றிப் புதிய தளத்தில் எழுத இசைவு தருக. அக்கணம் முதல் மூலம் புதியதே. பழையதிலிருந்து எதனையும் மீண்டும் கொணரற்க.

6. பழைய சர்வரைச் சில வாரமேனும் அழியாது வைத்திருக்க.

முடிவுரை

பழைய சர்வரில் தங்கிய பதிவுகளை நான்கு நாள்களுக்குள் மீட்டோம். இரு தளங்களிலும் எழுதுதலை நிறுத்தி, இரண்டின் பதிவுகளையும் தாளில் அச்சிட்டு, பாடவேறுபாடு குறிப்பது போல மாணவர் இருவர் இருவராக அமர்ந்து ஒப்பிட்டனர். பழையதில் மட்டும் இருந்த சொற்களுக்குப் புதிய எண்கள் இட்டுச் சேர்த்தோம். இரண்டிலும் திருத்தப்பட்ட 'காக்கா' போன்ற பதிவுகளுக்குத் திருத்திய மாணவர் இருவரையும் ஒருங்கழைத்துக் கேட்டே முடிவு செய்தோம். அம்மாணவி எழுதிய சொற்கள் யாவும் மூதாட்டியின் குரலோடு மீண்டன.

மீளாதவையும் உண்டு. நீக்கக் கட்டளையால் புதிய தளத்தில் மறைந்த ஒலிப்பதிவுகளில் இரண்டிற்கு மாணவரிடமும் நகல் இல்லை. அவற்றுள் ஒன்றைச் சொன்னவரிடம் மீண்டும் சென்று பதிவு செய்தோம். மற்றொன்றைச் சொன்ன பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவர் கூறிய சொற்கள் எழுத்தில் உள்ளன. அவர் ஒலித்த முறை இல்லை.

இதில் எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. படியெடுக்கும் பணியை நிறைவேற்றினோம். இக்கணத்தில் மூலம் எது என்பதை மட்டும் எவரும் எடுத்துரைக்கவில்லை. தம் ஆவணங்களை இணையதளத்தில் வைத்துள்ள நிறுவனத்தார், பணியாற்றுவோரிடம் மூன்று வினாக்களைக் கேட்டுத் தெளிதல் வேண்டும்: எழுதும் உரிமை இப்போது எந்தச் சர்வருக்கு உரியது? காப்பு நகல் எங்கே உள்ளது? அதனை இறுதியாக மீட்டுப் பார்த்த நாள் எது? இவ்வினாக்களைக் கேட்கக் கணிப்பொறி அறிவு வேண்டுவதில்லை, பொறுப்புணர்வு போதும். நம் துறையில் இப்போது ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் காப்பு நகலை வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, மாணவர் ஒருவர் பத்துச் சொற்களைத் திறந்து படித்துக் காட்டுகிறார். அப்பத்தில் ஒன்று அம்மூதாட்டி சொன்ன சொல்லாக இருக்குமாறு பார்த்துக்கொள்கிறோம்.